காம்போசிட் மட்டை வாங்குமுன்: பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் லிட்டில் லீக் ஆடும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்கு,

பேஸ்பாலில் காம்போசிட் மட்டை என்பது கார்பன் நாரைப் பல அடுக்காகச் சுற்றி, பிசின் ஊட்டி, அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்கிச் செய்யப்படும் உள்ளீடற்ற மட்டை. சிலவற்றில் கண்ணாடி நாரும் சேர்ந்திருக்கும். பளபளக்கும் வண்ணப்பூச்சைப் பார்த்து இதை உலோகம் என்று எண்ணுபவர்கள் உண்டு. பந்தை அடித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அலுமினிய மட்டை கணீரென்று ஒலிக்கும். காம்போசிட் மட்டையின் ஒலி மரத்துக்கு நெருக்கமாகத் தாழ்ந்திருக்கும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அலுமினிய மட்டை ஏறக்குறைய 50 டாலரில் தொடங்குகிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் காம்போசிட் மட்டை எளிதாக 300 டாலரைத் தாண்டுகிறது, 400-ஐத் தொடுவதும் உண்டு. அந்தக் கூடுதல் பணத்துக்கு எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவதற்காக எழுதப்பட்டது இம்மடல்.

மட்டையின் தடித்த பகுதியைப் பேரல் என்கிறார்கள். மர மட்டையில் பந்து மோதும்போது மரம் ஏறத்தாழ அசைவதில்லை. பந்துதான் நசுங்கி மீள்கிறது. நசுங்கும் பந்து தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழந்துவிடும். உள்ளீடற்ற பேரலோ மோதலின்போது தானும் சற்று உள்வாங்கி உடனே மீள்கிறது. அதனால் பந்து குறைவாக நசுங்கி, குறைவாக இழந்து, வேகமாகத் திரும்புகிறது. டிராம்போலின் விளைவு என்று இதற்குப் பெயர். அலுமினியத்திலும் இது உண்டு. ஆனால் அலுமினியம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு உடையது. சுவரை மெலிதாக்கினால் துள்ளல் கூடும், பந்து பட்ட இடத்தில் பள்ளமும் விழும். கார்பன் நாரில் இழைகளை எந்தத் திசையில் படுக்க வைப்பது என்பது வடிவமைப்பவரின் கையில் இருக்கிறது. மட்டை நீளவாக்கில் எவ்வளவு வளைய வேண்டும், பேரல் வட்டவாக்கில் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியே தீர்மானிக்கலாம். எடையை எந்த இடத்தில் வைப்பது என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். காம்போசிட்டின் உண்மையான சிறப்பு இந்தச் சுதந்திரம்தான்.

அதே சுதந்திரம் ஒரு காலத்தில் பெரும் தொல்லையாகவும் ஆனது. 1970களின் தொடக்கத்தில் அலுமினிய மட்டைகள் சிறுவர் ஆட்டத்துக்குள் நுழைந்தன. உடையாத மட்டை என்பதால் செலவு குறையும் என்பதே முதல் நோக்கம். 2000க்குப் பின் காம்போசிட் பரவியபோது, சோதனைச்சாலையில் வரம்புக்குள் நின்ற மட்டை ஆடுகளத்தில் சில நூறு அடிகள் வாங்கியபின் வரம்பைத் தாண்டுவது தெரியவந்தது. அடிக்க அடிக்கப் பிசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்து பேரல் இளகுகிறது. இளகும் பேரல் இன்னும் அதிகமாகத் துள்ளுகிறது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2009-இல் காம்போசிட் மட்டைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2010-இல் உயர்நிலைப் பள்ளிகளின் கூட்டமைப்பும் லிட்டில் லீகும் அதே வழியில் சென்றன. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரலாறு புதிதாக இருக்கும், ஏனெனில் அங்கே கதவு முன்பே சாத்தப்பட்டது. 1979-இல் பெர்த்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கிய பிறகு, மட்டையின் அலகு மரமாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. முதுகில் கார்பன் பட்டை ஒட்டிய மட்டைகளும் 2006-இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. தடைக்குப் பின் பேஸ்பாலின் சிறுவர் ஆட்டம் வேறு வழியைத் தேர்ந்தது: பொருள் எதுவாகவும் இருக்கலாம், செயல்திறன் மட்டும் வரம்புக்குள் நிற்க வேண்டும்.

அந்த வரம்புகளின் அடையாளம்தான் மட்டையில் அச்சிட்டிருக்கும் முத்திரை. வாங்கும்போது நீளத்துக்கும் எடைக்கும் நிறத்துக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளையின் லீக் ஏற்காத முத்திரை இருந்தால் மற்ற எதற்கும் பொருளில்லை. இன்று நடைமுறையில் மூன்று முக்கிய முத்திரைகள் உள்ளன.

முதலாவது யூ.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரை. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லிட்டில் லீக், பேப் ரூத் மற்றும் அதன் கால் ரிப்கன் பிரிவு, போனி, டிக்ஸி யூத் போன்ற அமைப்புகள் இதை ஏற்றுக்கொண்டன. மட்டை எந்தப் பொருளால் ஆனாலும் அதன் திறன் மர மட்டைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே இதன் கொள்கை. பேரலின் விட்டம் 2⅝ அங்குலம் வரை இருக்கலாம். அதற்கு முன் லிட்டில் லீகின் சிறுவர் பிரிவுகளில் 2¼ அங்குலமே எல்லையாக இருந்தது. லிட்டில் லீகின் மேஜர் பிரிவில், அதாவது பெரும்பாலான பன்னிரண்டு வயதினர் ஆடும் பிரிவில், மட்டையின் நீளம் 33 அங்குலத்தை மீறக்கூடாது. ஒரே மரத்துண்டில் செய்த மட்டைக்கு மட்டும் இந்த முத்திரை தேவையில்லை.

இரண்டாவது யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ. முத்திரை. டிராவல் பால் எனப்படும் ஊர்விட்டு ஊர் சென்று ஆடும் போட்டிகளில் இது பரவலாகச் செல்லும். அதில் 1.15 பி.பி.எஃப். என்று அச்சிட்டிருக்கும், துள்ளல் அளவின் மேல்வரம்பு அது. பேரலும் 2¾ அங்குலம் வரை போகலாம். இவ்வகை மட்டையில் பந்து தெளிவாகவே கூடுதல் வேகத்தில் கிளம்பும். இந்த முத்திரை மட்டும் உள்ள மட்டை லிட்டில் லீகில் செல்லாது. வார நாளில் ஊர் லீகிலும் வார இறுதியில் டிராவல் அணியிலும் ஆடும் பிள்ளையின் வீட்டில் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். பேரலில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கும், வண்ணமும் ஒன்றாகவே இருக்கும். ஒரே மாடலை நிறுவனங்கள் இரண்டு முத்திரைகளிலும் வெளியிடுவதால், அந்தச் சிறிய முத்திரையைத் தேடிப் படிக்காமல் வாங்கினால் தவறான மட்டை வீட்டுக்கு வந்துவிடும்.

மூன்றாவது பி.பி.கோர் எனப்படும் முத்திரை. உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் உரியது. அங்குலத்தில் நீளத்தைவிட அவுன்ஸில் எடை 3-க்கு மேல் குறையக்கூடாது என்ற கட்டுப்பாடு அதோடு சேர்ந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது இரும்புத்தடி போலக் கனக்கும். அந்த வயதில் அதைக் கருத வேண்டியதில்லை. மிகச் சிறியவர்கள் பந்தை டீ என்ற தாங்கியில் வைத்து அடிக்கும் டீ பால் ஆட்டத்தின் மட்டைகளுக்குத் தனி முத்திரை உண்டு. அவை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ இருக்கும், மென்மையான டீ பந்துக்கு மட்டுமே ஏற்றவை. கடினப் பந்தை அவற்றால் அடிக்கக்கூடாது.

முத்திரை இருந்தால் போதுமா என்றால், ஏறக்குறைய போதும், முழுவதும் போதாது. 2018 மே மாதத்தில் ஈஸ்டன் நிறுவனத்தின் அவ்வாண்டு கோஸ்ட் எக்ஸ் வரிசையில் 30 அங்குலம், 20 அவுன்ஸ் அளவுள்ள சிறுவர் மட்டையின் சான்றை யூ.எஸ்.ஏ. பேஸ்பால் திரும்பப் பெற்றது. முத்திரையோடு விற்ற மட்டை, ஆட்டப் பருவத்தின் நடுவில் செல்லாததாகியது. அதே மாடலின் மற்ற நீளங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே மாடலின் பெயரோடு நீளத்தையும் எடையையும் சேர்த்து, யூ.எஸ்.ஏ. பேஸ்பால் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. விதிக்குப் புறம்பான மட்டையோடு பிள்ளை களத்தில் பிடிபட்டால், அடுத்த பேட்டர் இறங்குமுன் கண்டுபிடிக்கப்படும் பட்சத்தில், லிட்டில் லீகில் அந்தப் பிள்ளை அவுட். அணியும் முதல் முறையிலேயே பெரியவர் ஒருவரின் பேஸ் கோச் இடத்தை அந்த ஆட்டம் முழுக்க இழக்கும். அப்பா தவறாக வாங்கிய மட்டைக்காக ஒரு பிள்ளை அணியின் முன் தலைகுனிந்து நிற்க நேர்வது எவ்வளவு கொடியது என்று சொல்லத் தேவையில்லை.

இனி பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி. யூ.எஸ்.ஏ. முத்திரை பெற்ற எல்லா மட்டைகளும் ஒரே கூரையின் கீழ் நிற்பவை. 400 டாலர் மட்டையும் அந்தக் கூரையை உடைக்க முடியாது. நல்ல அலுமினிய மட்டையின் நடுப்புள்ளியில் பட்ட பந்துக்கும் காம்போசிட்டின் நடுப்புள்ளியில் பட்ட பந்துக்கும் இடையே பெரிய தூர வேறுபாட்டை எதிர்பார்க்கக்கூடாது. காம்போசிட் தருவது மூன்று. எடை கூடாமலே பேரலை நீட்டிச் செய்ய முடிவதால், பந்து நன்றாகப் பறக்கும் பகுதி அகலமாகிறது. சற்றுத் தவறிப் பட்ட பந்தும் ஓரளவு நன்றாகவே போகும். எடையைக் கைப்பிடிப் பக்கம் நகர்த்த முடிவதால் சுழற்றுவது எளிதாகிறது. மூன்றாவது, கையில் ஏறும் அதிர்வு குறைகிறது. பந்து முனையிலோ கைப்பிடிக்கு அருகிலோ பட்டால் மட்டை முழுவதும் வளைந்து அதிரும். அந்த அதிர்வுதான் கட்டைவிரல் சந்தில் சுரீரென ஏறுவது. குளிர்ந்த காலையில் அந்த வலியை இரண்டு முறை அனுபவித்த எட்டு வயதுப் பிள்ளை மூன்றாவது பந்துக்கு மட்டையை வீசவே அஞ்சும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளக்கூடாது. அடிக்கப் பயப்படும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது.

நீளமும் எடையும் வரும் இடத்தில் பெற்றோரின் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது. மட்டையில் இரண்டு எண்கள் இருக்கும்: நீளம் அங்குலத்தில், எடை அவுன்ஸில். எடையிலிருந்து நீளத்தைக் கழித்தால் வருவது டிராப். 30 அங்குலம், 20 அவுன்ஸ் என்றால் டிராப் கழித்தல் 10. மெட்ரிக் கணக்கில் 76 சென்டிமீட்டர் நீளமும் ஏறக்குறைய 570 கிராம் எடையும். ஒரே நீளத்தில் கழித்தல் 8 என்பது 22 அவுன்ஸ், அதாவது இன்னும் கனம். சிறுவர் பிரிவில் கழித்தல் 10 பரவலானது. மெலிந்த உடம்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் 11, 12 என்று இன்னும் இலகுவானவையும் கிடைக்கின்றன. கழித்தல் 5 பெரும்பாலும் பள்ளி ஆட்டத்தை நெருங்கும் பதின்மூன்று வயதினருக்குத்தான் பொருந்தும்.

கனமான மட்டை பந்தை அதிக தூரம் அனுப்பும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஆலன் நேதன் பல ஆண்டுகளாக எழுதி விளக்கியுள்ள எளிய கணக்கில் பார்க்கலாம். மரத்துக்கு நெருங்கிய மட்டையின் நல்ல இடத்தில் பந்து பட்டால், அது கிளம்பும் வேகம் தோராயமாக, வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கோடு மட்டையின் வேகத்தை 1.2 மடங்காக்கிக் கூட்டிய தொகை. பந்து மணிக்கு 50 மைலில் வந்து, மட்டையும் 50 மைலில் சுழன்றால், அடிபட்ட பந்து 70 மைலில் போகும். பிட்சர் 5 மைல் கூட்டினால் வெறும் 1 மைல் கூடும். பேட்டர் தன் சுழற்சியில் 5 மைல் கூட்டினால் 6 மைல் கூடும். எடையைக் கூட்டினால் மோதலின் திறன் சிறிது ஏறுவது உண்மைதான். ஆனால் வளர்ந்த தசை இல்லாத பிள்ளையிடம் சுழற்சி வேகம் அதைவிட விரைவாகச் சரியும். அதோடு, இலகுவான மட்டை வைத்திருக்கும் பிள்ளை பந்தைச் சற்று நேரம் கூடுதலாகப் பார்த்துவிட்டு வீசத் தொடங்கலாம். லிட்டில் லீகில் பிட்சர் நிற்பது 46 அடி தூரத்தில். மணிக்கு 50 மைலில் வரும் பந்து முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் பேட்டரை அடைந்துவிடும். அந்த நேரத்துக்குள் மிச்சப்படும் ஒவ்வொரு கணமும் நல்ல பந்தைத் தேர்ந்து அடிக்க உதவுகிறது.

தராசில் காட்டும் எடையும் சுழற்றும்போது உணரும் எடையும் வேறு வேறு என்பதையும் மறக்கக்கூடாது. 20 அவுன்ஸ் எடையுள்ள இரண்டு மட்டைகளில், ஒன்றின் கனம் முனையிலும் மற்றதன் கனம் நடுவிலும் இருந்தால், முனைக்கனம் உள்ளது கையில் 2 அவுன்ஸ் கூடுதலாகவே தோன்றலாம். சமநிலை மட்டை, முனைக்கன மட்டை என்று கடையில் பிரித்துச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சமநிலை மட்டையே சரி. அச்சிட்ட எடையைவிட உண்மையான எடை சற்று மிகுந்திருப்பதும் வழக்கம், பிடிப்பட்டையின் எடை அதில் சேராமல் போவதால். கடையில் தராசு இருந்தால் வைத்துப் பார்த்துவிடலாம்.

நீளத்துக்கு உயரமும் உடல் எடையும் வைத்துப் போட்ட அட்டவணைகள் எல்லாக் கடைகளிலும் உண்டு. எட்டு, ஒன்பது வயதில் 28 முதல் 29 அங்குலம், பத்து வயதில் 29 முதல் 30, பதினொன்று, பன்னிரண்டில் 30 முதல் 31 என்பது பொதுவான வழிகாட்டி. அட்டவணை தொடக்கம்தான், முடிவைப் பிள்ளையின் கை சொல்ல வேண்டும். மட்டையைக் காலுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினால், தொங்கும் கையின் உள்ளங்கை கைப்பிடிக் குமிழைத் தொட வேண்டும். இது நீளத்துக்கு. எடைக்கு, ஒரு கையால் குமிழுக்கு அருகில் பிடித்துத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, அரை நிமிடம் தாழாமல் நிறுத்தச் சொல்லலாம். கை நடுங்கி இறங்கினால் கனம் அதிகம். இவற்றைவிட நம்பகமானது பத்து முறை முழு வேகத்தில் வீசச் செய்து பார்ப்பது. எட்டாவது, ஒன்பதாவது வீச்சில் பேரல் தாழ்ந்து வருகிறதா, பின் தோள் சாய்கிறதா, உடம்பு மட்டையின் பின்னால் இழுபட்டுப் போகிறதா என்று கவனித்தால் போதும். முதல் இரண்டு வீச்சில் எந்த மட்டையும் நன்றாகத்தான் தோன்றும்.

"அடுத்த வருஷமும் ஆகட்டும்" என்று ஓர் எண் பெரியதாக வாங்குவது நம் வீடுகளில் சட்டைக்கும் செருப்புக்கும் பழகிய சிக்கனம். மட்டையில் அது செல்லாது. தூக்க முடியாத மட்டையோடு ஒரு பருவம் முழுவதும் ஆடும் பிள்ளை, முழங்கையை விரித்து, முதுகை வளைத்து வீசும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். அதைத் திருத்துவது புது மட்டை வாங்குவதைவிடக் கடினம். இரண்டு நீளங்களுக்கு நடுவில் ஐயம் வந்தால் குட்டையானதையே எடுக்க வேண்டும்.

மட்டையின் கட்டமைப்பில் ஒற்றைத் துண்டு, இரட்டைத் துண்டு என்று இரு வகை. இரட்டையில் பேரலும் கைப்பிடியும் தனித்தனியே செய்து இணைக்கப்படுகின்றன. இணைப்பில் அதிர்வு தேய்ந்துவிடும், கைக்கு இதம். ஒற்றைத் துண்டு விறைப்பாக இருக்கும். பலம் கூடிய பிள்ளைகள் சிலர் அதையே விரும்புவார்கள். அலுமினியப் பேரலும் காம்போசிட் கைப்பிடியும் கொண்ட கலப்பு மட்டை நடுத்தர விலையில் கிடைக்கிறது. அதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அதிர்வும் குறையும், குளிரையும் பேரல் தாங்கும். பணத்துக்கு ஏற்ற தேர்வு பல வீடுகளுக்கு அதுவாகவே இருக்கும்.

வாங்கிய நாளிலேயே காம்போசிட் மட்டையை ஆட்டத்துக்கு எடுத்துச் செல்லலாகாது. பல மாடல்களுக்குப் பழக்கும் காலம் தேவை. கிரிக்கெட்டின் ஆங்கில வில்லோ மட்டைக்கு எண்ணெய் தடவி மரச்சுத்தியால் தட்டிப் பழக்கிய அனுபவம் உள்ள தந்தையருக்கு இந்த எண்ணம் உடனே பிடிபடும். ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. காம்போசிட்டுக்கு எண்ணெயும் வேண்டாம், சுத்தியும் வேண்டாம். உண்மையான தோல் பந்தை டீயில் வைத்து, பாதி வேகத்தில் தொடங்கி, ஒவ்வோர் அடிக்கும் மட்டையைக் கால் சுற்றுத் திருப்பி, படிப்படியாக வேகத்தைக் கூட்டி, 150 முதல் 200 அடிகள் அடித்தால் பேரல் எல்லாப் பக்கமும் சமமாக இளகிவிடும். திருப்பாமல் ஒரே பக்கத்தில் அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து முன்னதாகவே விரியும்.

சிலர் இந்த வேலையைச் சுருக்க, இரண்டு உருளைகளுக்கு நடுவே மட்டையை நசுக்கி உருட்டும் சேவையை நாடுகிறார்கள். இன்னும் சிலர் பேரலின் உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்கித் தருகிறார்கள். இரண்டும் விதிக்குப் புறம்பானவை. உத்தரவாதமும் அத்தோடு போய்விடும். அதைவிட முக்கியம், 46 அடிக்கு அப்பால் நிற்பதும் ஒரு பிள்ளைதான் என்பது. மணிக்கு 70 மைலில் திரும்பும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. வரம்பு வைத்தவர்கள் அந்த அரை நொடியைக் கணக்கில் வைத்தே வைத்தார்கள். பந்து வீசிவிட்டு நிலைகுலைந்து நிற்கும் பிள்ளைக்குக் கையுறையைத் தூக்க வேறு நேரம் கிடையாது. யாருடைய வீட்டுப் பிள்ளையானாலும் அந்த இடத்தில் ஒரு நாள் நிற்கும்.

காம்போசிட்டின் பெரிய பகை குளிர். வெப்பநிலை ஏறக்குறைய 60 பாரன்ஹீட், அதாவது 15, 16 செல்சியஸுக்குக் கீழே போனால் பிசின் நொறுங்கும் தன்மை பெறுகிறது, பந்தும் இறுகுகிறது. மிச்சிகன், இல்லினாய், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் ஏப்ரல் மாத ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தக் குளிரில்தான் நடக்கின்றன. 350 டாலர் மட்டை முதல் மாதத்திலேயே விரிவதற்கு இது போதும். அங்கே வசிப்பவர்கள் குளிர்நாளுக்கென்று எளிய அலுமினிய மட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது அவசியம். டெக்சஸிலோ தென் கலிபோர்னியாவிலோ இந்தக் கவலை குறைவு; ஆனால் கோடையில் காரின் பின்பெட்டியில் மட்டையை விட்டுவைத்தால் அந்த வெப்பமும் பிசினுக்கு நல்லதல்ல. இன்னொரு பகை பேட்டிங் கேஜ் இயந்திரம் வீசும் குழி விழுந்த ரப்பர் பந்து. அது தோல் பந்தைவிடக் கடினமும் கனமும் ஆனது. கேஜுக்கும் பழைய அலுமினிய மட்டையே போதும். அணியில் ஒருவர் நல்ல மட்டை கொண்டுவந்தால் பன்னிரண்டு பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள். பகிர்வது நல்ல குணம்தான், மட்டையின் ஆயுள் அதற்கேற்பக் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டே பகிர வேண்டும்.

விரிசலைக் கண்டறியப் பழக வேண்டும். வண்ணப்பூச்சில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் விழுவது எப்போதும் ஆபத்தல்ல. விரலால் தடவினால் நகத்தில் தட்டுப்படும் கோடும், அழுத்தினால் நெகிழும் இடமும் உள்விரிசலைக் காட்டுபவை. வழக்கமான ஒலி திடீரென மந்தமானாலோ, குலுக்கினால் உள்ளே ஏதோ உருண்டாலோ மட்டையை ஒதுக்கிவிட வேண்டும். அம்பயர் ஆட்டத்துக்கு முன் ஒரு வளையத்தை மட்டையில் நுழைத்துப் பார்ப்பார். பேரல் பருத்து வளையம் நுழையாவிட்டால் அந்த மட்டை அன்று வெளியேறும். பெரும்பாலான நிறுவனங்கள் உயர்விலை மட்டைக்கு ஓராண்டு உத்தரவாதம் தருகின்றன. ரசீது இல்லாமல் அது செல்லாது, ஆகவே வாங்கிய அன்றே ரசீதைப் படமெடுத்து வைக்கலாம்.

பழைய மட்டை வாங்குவோர் அலுமினியத்தில் துணிந்து வாங்கலாம். அடி வாங்கிய பள்ளம் கண்ணுக்குத் தெரியும். காம்போசிட்டில் உள்காயம் தெரியாது, உருட்டப்பட்டதா என்றும் தெரியாது, உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். 2018க்கு முந்தைய மட்டைகள் எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் யூ.எஸ்.ஏ. முத்திரை இல்லாததால் லிட்டில் லீகில் பயன்படாது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் "புத்தம் புதிய" பெயர்பெற்ற மட்டைகளில் போலிகளும் உண்டு. நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு. புது மாடல் வெளிவந்ததும் போன ஆண்டு மாடலின் விலையைக் கடைகள் கணிசமாகக் குறைக்கும். முத்திரை அதேதான், வண்ணம்தான் மாறியிருக்கும். காம்போசிட் வாங்க நல்ல நேரம் அதுதான்.

எந்த வயதில் வாங்குவது? ஒன்பது வயது வரை இலகுவான அலுமினிய மட்டை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். அந்த வயதில் ஆண்டுக்கு ஓர் அங்குலம் மட்டை நீளும், பழக்கி முடிப்பதற்குள் மட்டை சிறியதாகிவிடும். பத்து முதல் பன்னிரண்டு வயதில், வாரத்தில் பல நாள் ஆடி, பந்தை அடிக்கடி சரியாகத் தொடும் பிள்ளைக்குக் காம்போசிட் பயன் தரும். அப்போதும் அது ஒன்று அல்லது இரண்டு பருவத்துக்கான பொருள்தான். பதின்மூன்று வயதுக்கு மேல் ஆடுகளம் பெரிதாகும், பள்ளி அணி வந்தால் கழித்தல் 3 மட்டை கட்டாயமாகும், அன்று வரை வாங்கிய எதுவும் அங்கே பயன்படாது. 300 டாலர் செலவிட முடியாத வீட்டுப் பிள்ளை எதையோ இழந்துவிட்டதாகப் பெற்றோர் வருந்தத் தேவையே இல்லை. 80 டாலர் அலுமினிய மட்டையும், மிச்சப் பணத்தில் ஒரு டீயும் வலையும் ஒரு வாளிப் பந்தும் வாங்கி, கொல்லைப்புறத்தில் நாளும் ஐம்பது பந்து அடிக்கவிட்டால், அந்தப் பிள்ளை அதிகம் முன்னேறும்.

கடைக்குப் போகும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். லீகின் இந்த ஆண்டு மட்டை விதியைக் கோச்சிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலையைப் பிறகு பாருங்கள். முதலில் முத்திரையைப் படியுங்கள், அடுத்துப் பிள்ளையைப் பத்து முறை வீசச் சொல்லுங்கள்.